ஷெல் சோதனை நிரல்: ரிவியூவில் வந்த 14 கருத்துகளில் 11 வரியமைப்பைப் பற்றியவை. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

#1 · புதுவரி

வணக்கம். சி மொழியில் எழுதப்பட்ட ஒரு சிறிய கருவிக்கு முதல் பேட்ச் (நிரல் மாற்றம்) அனுப்பினேன். கருவியின் சோதனைகள் எல்லாம் ஷெல்லில் (கட்டளைகளை வரிவரியாக ஓட்டும் நிரல்) இருக்கின்றன. திருத்தம் 40 வரிதான். அதோடு ஒரு சோதனையும் எழுதினேன், அது பாஸ் ஆகிறது. ரிவியூவில் 14 கருத்துகள் வந்தன. அவற்றில் 11 என் சோதனை எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றியவை. "ஒரு வரியில் ஒரு கட்டளை", "ஒற்றை மேற்கோள்", "அரைப்புள்ளி வேண்டாம்", "சப்ஷெல்லுக்குள் சிடி", இப்படி.

சோதனை கீழே. கட்டளைப் பெயர்களைத் தமிழில் மாற்றி எழுதியிருக்கிறேன், அமைப்பு அப்படியேதான் இருக்கிறது. "எண்ணு" என்பது நாங்கள் சோதிக்கும் கருவி, "ஒப்பிடு" இரண்டு கோப்புகள் ஒன்றா என்று பார்ப்பது.

```
சோதனை "காலிக் கோப்பு" "
  டச் அ; எண்ணு அ | கிரெப் 0 && ரிமூவ் அ
  சிடி கிளை; எண்ணு ஆ > வெளி
  [ $? = 0 ] && ஒப்பிடு வெளி சரி
"
```

எனக்குப் புரியாதது இதுதான்: இவற்றில் எவை ரிவியூவரின் ரசனை, எவை உண்மையிலேயே மாற்ற வேண்டியவை? பாஸ் ஆகும் சோதனையில் வரியை எங்கே உடைத்தால் என்ன?

---

#2 · முனையக்காரர்

புதுவரி, அந்த 11 கருத்துகளில் பெரும்பாலானவை பிழைகளைச் சுட்டுகின்றன. ரிவியூவர் அவற்றை அமைப்பின் வார்த்தைகளில் சொல்லியிருக்கிறார், காரணத்தை எழுதவில்லை. காரணங்களை நான் எழுதுகிறேன்.

முதலில் அந்த இரட்டை மேற்கோள். உங்கள் சோதனையின் உடல் ஒரு சரமாகத்தான் "சோதனை" என்ற செயல்கூறுக்குப் போகிறது. இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும் $? (கடைசியாக ஓடிய கட்டளையின் எக்ஸிட் கோட், அதாவது அது முடிந்ததும் திருப்பும் எண்; 0 என்றால் வெற்றி) அந்தச் சரம் உருவாகும்போதே மதிப்பாக விரிந்துவிடும். அதாவது உங்கள் கட்டளை ஓடும் முன்பே. முந்தைய சோதனை 0 என்று முடிந்திருந்தால் உங்கள் வரி [ 0 = 0 ] என்று மாறித்தான் உள்ளே போகிறது. அது எப்போதும் உண்மை. "எண்ணு ஆ" வெற்றியா தோல்வியா என்று உங்கள் சோதனை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது, முதல் வரி முழுவதும். உடலின் முடிவு என்பது அதில் கடைசியாக ஓடிய கட்டளையின் எக்ஸிட் கோட். முதல் வரியில் கிரெப் (எழுத்துத் தொடரைத் தேடும் கட்டளை) தோற்றாலும் ஷெல் அடுத்த வரிக்குப் போய்விடும். கடைசி வரி சரியாக இருந்தால் சோதனை பாஸ். ஆக "காலிக் கோப்பு" என்று தலைப்பு வைத்த சோதனையில் காலிக் கோப்பைப் பற்றிய வரிக்கு எந்த வேலையும் இல்லை.

மூன்றாவது, பைப், அதாவது ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் | குறி. பைப்பின் எக்ஸிட் கோட் அதன் கடைசிக் கட்டளையுடையது. "எண்ணு" 0 என்று அச்சிட்டுவிட்டு உடனே கிராஷ் ஆனாலும் கிரெப்புக்கு அது தெரியாது. அது மட்டுமா, கிரெப் 0 என்பது 10, 205 எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

நான்காவது, சிடி. சப்ஷெல் (அடைப்புக்குறிக்குள் தனியாக ஓடும் ஷெல்) இல்லாமல் டைரக்டரி மாறினால் இந்தக் கோப்பில் அடுத்து வரும் அத்தனை சோதனைகளும் "கிளை"க்குள் இருந்தே ஓடும். இன்று அது தெரியாது. ஆறு மாதம் கழித்து வேறொருவர் கீழே ஒரு சோதனையைச் சேர்க்கும்போது அவருக்கு விடிய விடிய வேலை.

இத்தனையும் மூன்றே வரிக்குள் இருக்கிறது. நெருக்கி எழுதியதால்தான் யார் கண்ணிலும் படவில்லை. அதையே பிரித்து எழுதிப் பாருங்கள்:

```
சோதனை 'காலிக் கோப்பில் எண்ணிக்கை 0' '
	முடிந்ததும் "ரிமூவ் அ" &&
	>அ &&
	எக்கோ 0 >எதிர்பார்ப்பு &&
	எண்ணு அ >விடை &&
	ஒப்பிடு எதிர்பார்ப்பு விடை
'

சோதனை 'வேறு டைரக்டரிக்குள் இருந்தும் எண்ணுகிறது' '
	(
		சிடி கிளை &&
		எண்ணு ஆ >../விடை
	) &&
	ஒப்பிடு கிளை/சரி விடை
'
```

ஒவ்வொரு வரியின் முடிவிலும் && (முன்னது வென்றால்தான் அடுத்தது ஓடும் என்ற குறி) இருக்கிறதா என்று வலது ஓரத்தை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தால் போதும். விட்டுப்போனது பளிச்சென்று தெரியும். "முடிந்ததும்" என்பது உங்கள் திட்டத்தில் ஏதோ ஒரு பெயரில் இருக்கும். சோதனை தோற்றாலும் துப்புரவு நடக்க வேண்டும் என்பதற்காக அதை முதலிலேயே சொல்லிவைப்பது வழக்கம். அதை சப்ஷெல்லுக்குள் வைக்காதீர்கள், பதிவு அங்கேயே தொலைந்துபோகும்.

---

#3 · புதுவரி

நீங்கள் பிரித்துக் கொடுத்ததை அப்படியே ஓட்டினேன். முதல் சோதனை தோற்றுவிட்டது.

"எண்ணு" காலிக் கோப்புக்கு 0 என்று சரியாகத்தான் அச்சிடுகிறது, ஆனால் எக்ஸிட் கோட் 1 என்று வருகிறது. தேடிப் பார்த்தேன். எண்ணிக்கை 0 என்றால் எதுவும் கிடைக்கவில்லை என்று கருதும் ஒரு நிபந்தனையை என் திருத்தமே கொண்டுவந்திருக்கிறது. பழைய நிரலில் அது இல்லை. நான் சரிசெய்யப் போன இடத்தில் நானே ஒரு பிழையைச் சேர்த்து, அதைக் காட்டாத ஒரு சோதனையையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். மூன்று நாளாக அந்தப் பச்சை நிறத்தை நம்பிக்கொண்டிருந்தேன். மனசு கொஞ்சம் கலங்கிவிட்டது.

---

#4 · டேப்எட்டு

கலங்க வேண்டாம், இதற்குத்தானே ரிவியூ.

ஆனால் முனையக்காரரோடு எனக்கு ஒரு விஷயத்தில் உடன்பாடில்லை. ஒவ்வொரு வரியிலும் && ஒட்டுவது கண்ணுக்குச் சுமை. கோப்பின் மேலே "செட் -இ" என்று ஒரு வரி போட்டால் எந்தக் கட்டளை தோற்றாலும் ஷெல் அங்கேயே நின்றுவிடுமே. அப்புறம் ஒரு வரிக்கு ஒரு கட்டளை, வால் எதுவும் இல்லாமல் சுத்தமாக எழுதலாம். படிக்கத் தெளிவு வேண்டும் என்பதுதான் குறிக்கோள் என்றால் இதுதானே அதிகத் தெளிவு? நான் என் வேலையில் பல வருடங்களாக இப்படித்தான் எழுதுகிறேன்.

---

#5 · பிழைதேடி

டேப்எட்டு சொல்வது ஒரு ஸ்கிரிப்டைத் தனியாக ஓட்டும்போது பெரும்பாலும் சரி. சோதனைச் சட்டகத்துக்குள் (சோதனைகளை ஓட்டும் நிரல்) வந்தால் நிலைமை மாறுகிறது. "செட் -இ" செயல்படாத இடங்களை ஷெல்களுக்கான பாசிக்ஸ் தரமே வரையறுத்திருக்கிறது: இஃப், வைல் ஆகியவற்றின் நிபந்தனைப் பகுதி, && அல்லது || தொடரில் கடைசியைத் தவிர மற்றவை, ஆச்சரியக்குறி போட்டு மறுத்த கட்டளை. இதில் பலர் கவனிக்காத பகுதி, ஒரு செயல்கூறை இஃப் நிபந்தனையில் அழைத்தால் அந்தச் செயல்கூறின் உள்ளே இருக்கும் எல்லா வரிகளுக்கும் "செட் -இ" முடங்கிவிடும். சட்டகம் உங்கள் சோதனை உடலை "இஃப் எவால் உடல்" என்று (எவால் என்பது சரத்தைக் கட்டளையாக ஓட்டுவது) ஓட்டினால் நீங்கள் மேலே போட்ட வரிக்கு உள்ளே மதிப்பே இல்லை. எந்த எச்சரிக்கையும் வராது.

கிட் (நிரலின் பதிப்புகளைப் பராமரிக்கும் கருவி) திட்டத்தின் சோதனைத் தொகுப்பு && சங்கிலியைத்தான் நம்புகிறது. அங்கே 2015-இல் ஒரு அழகான உத்தியைச் சேர்த்தார்கள். உடலை ஓட்டும் முன் அதன் தலையில் "(எக்ஸிட் 117) &&" என்று ஒட்டிவிடுவார்கள். சங்கிலி முழுமையாக இருந்தால் முதல் கட்டளையே தோற்பதால் எதுவும் ஓடாமல் 117 அப்படியே திரும்பி வரும். நடுவில் ஒரு && விட்டுப்போயிருந்தால் அதற்கு அடுத்த கட்டளை ஓடி எண் மாறிவிடும். 117 வரவில்லை என்றால் சங்கிலி உடைந்திருக்கிறது என்று பொருள். நிரலைப் பகுத்துப் பார்க்காமலேயே உடைப்பைக் கண்டுபிடிக்கிறது. நான் முதன்முதலில் அதைப் படித்தபோது எழுந்து கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன், அவ்வளவு பிடித்துப்போனது.

அதற்கும் ஒரு எல்லை உண்டு. மேல்மட்டச் சங்கிலிக்கு மட்டும்தான் அது உதவும். சப்ஷெல்லுக்குள் உடைந்திருந்தால் உள்ளேயே நுழையாததால் தெரியாது. அதனால் 2018-இல் எஸ்இடி (sed) என்ற உரைமாற்றுக் கருவியில் ஒரு சரிபார்ப்பானை எழுதினார்கள், 2022-இல் அதை பெர்ல் மொழியில் முழுமையான பகுப்பானாக மாற்றி எழுதினார்கள். அவ்வளவு பேர் வருடக்கணக்காக ரிவியூ பார்க்கும் திட்டத்திலேயே கண்ணை மட்டும் நம்பவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

மறுபக்கம், பேட்ஸ் என்ற இன்னொரு சோதனைச் சட்டகம் "செட் -இ"யைத்தான் நம்புகிறது. அங்கே போய் எல்லா வரியிலும் && போட்டால் உங்களுக்கே பாதகம். சங்கிலியின் நடுவில் தோற்கும் கட்டளையை "செட் -இ" கண்டுகொள்ளாது, அந்தச் சங்கிலிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தால் தோல்வி மறைந்துவிடும். அதேபோல் அங்கே "! கட்டளை" என்று நடுவில் எழுதினால் அது சோதனையைத் தோற்கடிக்காது.

ஆகவே எது அழகு என்று பார்க்கும் முன் உங்கள் சட்டகம் உடலை எப்படி ஓட்டுகிறது என்று பாருங்கள். அந்தச் செயல்கூறு எப்போதுமே சிறியதுதான், பத்து நிமிடத்தில் படித்துவிடலாம்.

---

#6 · டேப்எட்டு

செயல்கூறை இஃப்புக்குள் அழைத்தால் உள்ளே முழுவதும் முடங்கும் என்பது எனக்குத் தெரியாது. இப்போது ஓட்டிப் பார்த்தேன், உண்மைதான். பேஷ், டேஷ் என்ற இரண்டு ஷெல்களிலும் அப்படியே. என் பழைய ஸ்கிரிப்டுகளில் இரண்டு இடத்தில் இது இருக்கிறது. நன்றி, இன்றே திருத்துகிறேன்.

---

#7 · மெதுநடை

&& வரியின் முடிவில் வர வேண்டுமா, அடுத்த வரியின் தொடக்கத்தில் வர வேண்டுமா? எங்கள் குழுவில் தொடக்கத்தில் போடுவோம். கட்டளைகளுக்கு இடையிலான தொடர்பு இடது ஓரத்திலேயே தெரியும். கண் இயல்பாக அங்கேதான் முதலில் போகிறது.

```
எண்ணு அ >விடை \
	&& ஒப்பிடு எதிர்பார்ப்பு விடை \
	&& எண்ணு ஆ >விடை2
```

---

#8 · முனையக்காரர்

மெதுநடை, கண்ணுக்கு உங்கள் வடிவம் நன்றாக இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். எனக்குப் பயம் அந்தப் பின்சாய்வுக் கோடுகள்தான். && முடிவில் இருந்தால் அதற்குப் பிறகு புதுவரி வருவதை ஷெல் இலக்கணமே ஏற்கிறது, வேறு எதுவும் வேண்டாம். பைப்புக்கும் அப்படித்தான். தொடக்கத்தில் போட்டால் முந்தைய வரி பின்சாய்வுக் கோட்டில் முடிய வேண்டும். அந்தக் கோட்டுக்குப் பிறகு தெரியாமல் ஒரு ஸ்பேஸ் விழுந்துவிட்டால் வரி தொடராது, அடுத்த வரி && என்று தொடங்கி இலக்கணப் பிழையாகிவிடும். டிஃப்பில் (பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டுப் பட்டியல்) அந்த ஸ்பேஸ் எளிதில் கண்ணில் படாது. இன்னொன்று, அப்படித் தொடரும் வரிகளுக்கு நடுவே விளக்கக் குறிப்பு எழுத முடியாது. முடிவில் && இருந்தால் இரண்டு கட்டளைகளுக்கு நடுவே தனி வரியில் குறிப்பு எழுதலாம்.

---

#9 · மெதுநடை

ஆனால் கடைசியில் ஒரு வரியைச் சேர்க்கும்போது, உங்கள் முறையில் முந்தைய வரியிலும் && ஒட்ட வேண்டும், டிஃப்பில் இரண்டு வரி மாறும்.

திருத்தம்: அனுப்பியபின் யோசித்தேன். எங்கள் முறையிலும் முந்தைய வரியில் பின்சாய்வுக் கோடு சேர்க்க வேண்டுமே, அதுவும் இரண்டு வரிதான். இந்த வாதத்தை விட்டுவிடுகிறேன். குறிப்பு எழுதும் வசதி எனக்கு முக்கியமாகப் படுகிறது, குழுவில் பேசிப் பார்க்கிறேன்.

---

#10 · ஒற்றைமேற்கோள்

யாரும் இதுவரை தொடாத ஒன்று. "ஒரு தானியங்கி ஃபார்மேட்டரை ஓட்டிவிட்டால் முடிந்தது" என்று அடுத்து யாராவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்.

ஷெல் நிரலை அடுக்கும் எஸ்எச்எஃப்எம்டி நல்ல கருவி, பிழைகளைச் சுட்டும் ஷெல்செக் அதைவிட நல்ல கருவி. ஆனால் மேலே முனையக்காரர் எழுதிய வடிவத்தில் சோதனையின் முழு உடலும் ஒற்றை மேற்கோளுக்குள் இருக்கும் ஒரே ஒரு சரம். ஃபார்மேட்டர் சரத்தைத் தொடாது, தொடவும் கூடாது. ஷெல்செக்கும் அதற்குள் இருப்பதைக் கட்டளைகளாகப் பார்க்காது. எடிட்டர் முழு உடலையும் ஒரே நிறத்தில் காட்டும். இந்தப் பாணியில் எழுதப்பட்ட சோதனைகளை அடுக்குவது எழுதுபவரின் கையிலும் ரிவியூவரின் கண்ணிலும்தான் இருக்கிறது. வரியமைப்பைப் பற்றி 11 கருத்து வருவது இங்கே இயல்பு, அந்த ரிவியூவர் செய்ததைச் செய்ய வேறு கருவி இல்லை.

நான் எழுதும்போது செய்வது இது: உடலை முதலில் ஒரு சாதாரணச் செயல்கூறாக எழுதுவேன். நிறங்கள் வரும், ஷெல்செக் பேசும். எல்லாம் சரியானபின் மேற்கோளுக்குள் நகர்த்துவேன்.

நகர்த்தும்போது இரண்டு இடத்தில் அடிபடுவீர்கள்.

ஒன்று, உடலுக்குள் ஒற்றை மேற்கோள் வந்தால் சரம் அங்கேயே முடிந்துவிடும். விளக்கக் குறிப்பில் ஒரு உடைமைக் குறி போட்டால்கூடப் போதும், மீதி எல்லாம் குலையும். '\'' என்று தப்பிக்கலாம், ஆனால் அதைப் படிப்பது கொடுமை. ஒற்றை மேற்கோளை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு பயன்படுத்துவது மேல். இரட்டை மேற்கோளே போதும் என்றால் அதுதான் எல்லாவற்றிலும் நல்லது.

இரண்டு, ஹியர்-டாக், அதாவது நிரலுக்குள்ளேயே எழுதி ஒரு கட்டளைக்குக் கொடுக்கும் பல வரி உரை. <<- என்று எழுதினால் உள்ளே இருக்கும் வரிகளின் தொடக்க டேப்களை ஷெல் நீக்கிவிடும். அதனால் உடலோடு சேர்த்து இண்டென்ட் செய்யலாம் (உள்தள்ளலாம்), படிக்க அழகாக இருக்கும்.

```
	கேட் >எதிர்பார்ப்பு <<-\முடிவு &&
	ஒன்று $5
	இரண்டு
	முடிவு
	எண்ணு -விரிவாக ஆ >விடை &&
	ஒப்பிடு எதிர்பார்ப்பு விடை
```

நீக்குவது டேப்களை மட்டும். ஸ்பேஸ்களை அது தொடாது. உங்கள் எடிட்டர் சேமிக்கும்போது டேப்பை ஸ்பேஸாக மாற்றினால் "முடிவு" என்ற வரியை ஷெல் அடையாளம் காணாது. உடலின் மீதிப் பகுதி மொத்தமும் ஹியர்-டாக்கின் உள்ளடக்கமாகிவிடும். பேஷ் ஒரு எச்சரிக்கை கொடுக்கும், டேஷ் அதுவும் கொடுக்காது. இங்கே கேட் வரி && என்று முடிவதால் அதன்பின் கட்டளை இல்லாமல் இலக்கணப் பிழையாக வெளியே தெரியும், ஆனால் அந்த && விட்டுப்போயிருந்தால் கேட் வெற்றியாக முடிந்து சோதனை பாஸ்! ஒப்பிடும் வரி ஓடவே இல்லை. அப்புறம், "முடிவு" முன்னால் இருக்கும் பின்சாய்வுக் கோட்டைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் $5 விரிந்துவிடும். மாறி எதுவும் விரிய வேண்டாத இடத்தில் எப்போதும் அதைப் போடுங்கள். படிப்பவருக்கு "இங்கே இருப்பது அப்படியே எழுத்துக்கு எழுத்து" என்ற செய்தியும் அதிலேயே கிடைக்கிறது.

---

#11 · புதுவரி

எங்கள் திட்டமும் ஒற்றை மேற்கோள் பாணிதான். என் எடிட்டர் டேப்பை இரண்டு ஸ்பேஸாக மாற்றிக்கொண்டிருந்தது, இப்போதுதான் கவனித்தேன். இந்தத் திட்டத்துக்கு மட்டும் நிறுத்திவிட்டேன்.

இன்னொரு கேள்வி. நான் சோதனையைச் சேர்த்த கோப்பில் ஏற்கெனவே இருக்கும் சோதனைகள் பல என் பழைய பாணியில்தான் இருக்கின்றன. அதைப் பார்த்துத்தான் நானும் அப்படி எழுதினேன். என் பேட்ச்சிலேயே அவற்றையும் திருத்திவிடலாமா?

---

#12 · முனையக்காரர்

ஒரே கமிட்டில் (ஒன்றாகப் பதிவாகும் மாற்றத் தொகுப்பு) வேண்டாம். 40 வரித் திருத்தம் 300 வரி இடமாற்றத்துக்குள் புதைந்துபோகும், ரிவியூ செய்பவரால் எது பொருள் மாற்றம், எது வெறும் இடமாற்றம் என்று பிரிக்க முடியாது.

தனி கமிட்டாகப் போடுங்கள், உங்கள் திருத்தத்துக்கு முன்னால். அந்த கமிட்டில் இண்டென்ட் மட்டும் மாறட்டும். கமிட் செய்தியில் அதைச் சொல்லுங்கள். ரிவியூவர் "கிட் டிஃப் -டபிள்யூ" போட்டுப் பார்த்தால் எதுவும் மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் நீங்கள் இடைவெளியைத் தாண்டி எதையோ மாற்றியிருக்கிறீர்கள். ஒரே எச்சரிக்கை, ஹியர்-டாக்குக்குள்ளும் மேற்கோளுக்குள்ளும் இடைவெளியே பொருள். அதையும் -டபிள்யூ மறைத்துவிடும். அந்த இடங்களை மட்டும் கண்ணால் பாருங்கள்.

உடைந்த சங்கிலிகளை ஒட்டுவது அதற்கடுத்த கமிட். அது வெறும் அமைப்பு மாற்றம் இல்லை, சோதனையின் நடத்தையே மாறுகிறது. ஒட்டியவுடன் சில பழைய சோதனைகள் தோற்கலாம், உங்களுக்கு நடந்ததைப் போல. மூன்றாவதாக உங்கள் திருத்தமும் அதன் சோதனையும்.

---

#13 · மெதுநடை

வரிசையைப் பற்றி எனக்குச் சிறு மாற்றுக் கருத்து. திருத்தம் அவசரமானது என்றால் துப்புரவு கமிட்டை முன்னால் வைப்பது ஆபத்து. துப்புரவைப் பற்றிய விவாதம் நீண்டால் திருத்தமும் அதோடு சேர்ந்து நிற்கும். நான் ஒரு பாதுகாப்புத் திருத்தத்தில் இப்படி மாட்டியிருக்கிறேன். அந்த மாதிரி நேரத்தில் புதிய சோதனையை மட்டும் சரியான வடிவில் எழுதி அனுப்பிவிட்டு, பழையதை அப்புறம் தொடலாம்.

துப்புரவு கமிட்டால் வரலாறு கெடும் என்று யாராவது தயங்கினால்: 2019-இல் வந்த கிட் 2.23 முதல், பிளேம் (ஒவ்வொரு வரியும் எந்த கமிட்டில் மாறியது என்ற பட்டியல்) பார்க்கும்போது குறிப்பிட்ட கமிட்களைத் தாண்டிப் பார்க்கும் வசதி உண்டு. அந்த கமிட்களின் அடையாளங்களை ஒரு கோப்பில் எழுதித் திட்டத்தோடு வைத்துக்கொள்ளலாம்.

---

#14 · முனையக்காரர்

அவசரத் திருத்தத்துக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. புதுவரியின் திருத்தம் அப்படி இல்லை என்று நினைத்துச் சொன்னேன்.

---

#15 · டேப்எட்டு

ரிவியூ எழுதும் பக்கத்தைப் பற்றியும் கொஞ்சம் பேசலாமா? புதுவரி குழம்பியதற்குக் காரணம் 11 கருத்துகளும் ஒரே கனத்தில் வந்ததுதான். "இரட்டை மேற்கோளால் $? முன்பே விரிகிறது" என்பதும் "> குறிக்குப் பிறகு ஸ்பேஸ் வேண்டாம்" என்பதும் ஒன்றா? முதலாவது சோதனையையே செல்லாததாக்குகிறது. இரண்டாவது திட்டத்தின் பழக்கம். ரிவியூவர் ஒரு வாக்கியம் கூடுதலாக எழுதியிருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. நான் ரிவியூ செய்யும்போது, கட்டாயம் மாற வேண்டியதைக் காரணத்தோடு எழுதுவேன். பழக்கம் சார்ந்தவற்றை எல்லாம் சேர்த்து ஒரே கருத்தாக, "இவை நம் பாணி, அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொண்டால் போதும்" என்று கடைசியில் வைப்பேன்.

அதைவிட நல்லது, விளக்குவதற்குப் பதில் அந்தச் சோதனையை நீங்களே மாற்றி எழுதிக் காட்டுவது. முனையக்காரர் #2-இல் செய்தாரே, அதுபோல. பதினான்கு வரி நிரல், பதினொரு கருத்தைவிட வேகமாகப் புரிகிறது.

---

#16 · ஒற்றைமேற்கோள்

மாற்றி எழுதிக் காட்டும்போது அதை ஒழுங்காக ஒட்டவும் வேண்டும். ரிவியூ பெட்டிகள் பெரும்பாலும் மார்க்டவுனை (எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் முறை) ஏற்பவை. ஷெல் நிரலை வெறுமனே ஒட்டினால் மார்க்டவுன் அதைச் சிதைத்துவிடும். > என்று தொடங்கும் வரி மேற்கோள் பத்தியாக மாறும். #2-இல் ">அ &&" என்று ஒரு வரி இருக்கிறதே, முன்னால் உள்ள டேப் இல்லாமல் ஒட்டினால் அந்தக் குறி காணாமலே போய் "அ &&" என்று நிற்கும். # தொடங்கும் குறிப்பு தலைப்பாகப் பெரிதாகும். இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே இருப்பது சாய்ந்துவிடும், குறிகள் மறையும். அரட்டைச் செயலிகள் இன்னும் ஒரு படி மேலே போய் நேர் மேற்கோள்களை வளைந்த மேற்கோள்களாக மாற்றுகின்றன. அதை நகலெடுத்து ஓட்டினால் ஷெல்லுக்கு அது மேற்கோளே இல்லை.

எப்போதும் மூன்று பின்மேற்கோள்கள் போட்ட கட்டத்துக்குள் ஒட்டுங்கள், ஒரே ஒரு வரியாக இருந்தாலும். கிட்ஹப்பில் "சஜஷன்" கட்டமாகப் போட்டால் எழுதியவர் ஓரிரு சொடுக்கில் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அங்கே ஒட்டும்போது உங்கள் டேப் ஸ்பேஸாக மாறியிருந்தால் அதுவும் அப்படியே கமிட்டில் ஏறிவிடும். #10-இல் சொன்ன ஹியர்-டாக் ஆபத்து இங்கேயும் உண்டு. நிரலுக்குள் கட்டளையின் வெளியீட்டை எடுக்கப் பின்மேற்கோளுக்குப் பதில் $( ) எழுதுவதற்கு இதுவும் ஒரு கூடுதல் காரணம். கருத்தில் வாக்கியத்தின் நடுவே மேற்கோள் காட்டும்போது உடையாது, ஒன்றுக்குள் ஒன்று வைத்தாலும் படிக்க முடியும்.

---

#17 · பிழைதேடி

வரியைப் பிரித்தாலும் மறைந்தே நிற்கும் மூன்று இடங்களைச் சொல்லிவிடுகிறேன். ரிவியூவில் நான் இவற்றைத்தான் முதலில் தேடுவேன்.

சுழல்: ஃபார் சுழலின் முடிவு கடைசிச் சுற்றின் முடிவு மட்டுமே. ஐந்து கோப்புகளில் மூன்றாவது தோற்றால் தெரியாது. சங்கிலியின் கடைசியில் || ரிட்டர்ன் 1 வேண்டும், சப்ஷெல்லுக்குள் என்றால் || எக்ஸிட் 1. அதைத் தனியாகக் கண்ணில் படும்படி எழுதுங்கள்:

```
	ஃபார் கோ இன் அ ஆ இ
	டூ
		எண்ணு "$கோ" >விடை &&
		ஒப்பிடு "$கோ.சரி" விடை || ரிட்டர்ன் 1
	டன்
```

மேற்கோள் இல்லாத மாறி: [ -என் $விடை ] (விடை காலி இல்லையா என்று பார்ப்பது) என்பது மாறி காலியாக இருந்தாலும் உண்மை. மாறி காலியானால் அங்கே மிஞ்சுவது -என் என்ற ஒரே சொல். ஒரே சொல் இருந்தால் அது காலி இல்லையா என்றுதான் "டெஸ்ட்", அதாவது [ ] கட்டளை, பார்க்கும். "$விடை" என்று மேற்கோளோடு எழுதினால்தான் நீங்கள் நினைத்தது நடக்கும். அதேபோல் ஒரே அடைப்புக்குள் இரண்டு நிபந்தனையை -ஏ (மற்றும்), -ஓ (அல்லது) கொண்டு சேர்க்காமல், இரண்டு தனி வரியாக எழுதி && போடுங்கள். எது தோற்றது என்பதும் பதிவில் தெரியும்.

தோல்வியை எதிர்பார்க்கும் சோதனை: "! எண்ணு இல்லாதகோப்பு" என்று எழுதினால் கருவி ஒழுங்காகப் பிழை சொல்லி 1 என்று முடிந்தாலும் பாஸ், நினைவகப் பிழையில் செத்து 139 என்று முடிந்தாலும் பாஸ். சட்டகத்தில் இதற்கென்று துணைச் செயல்கூறு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கிட்டில் உள்ள அத்தகைய செயல்கூறு சிக்னலால் இறந்ததைத் தோல்வியாகவே எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் எக்ஸிட் கோடை ஒரு மாறியில் எடுத்து எந்த எண் வேண்டுமோ அதையே சோதியுங்கள்.

---

#18 · புதுவரி

இரண்டாம் பதிப்பை அனுப்பிவிட்டேன், மூன்று கமிட்களாக. இண்டென்ட் மட்டும் மாறியது ஒன்று. சங்கிலிகளை ஒட்டியது ஒன்று, அதில் பழைய சோதனைகளில் ஒன்று தோற்றது, அதற்குத் தனி இழை திறந்திருக்கிறேன். கடைசியில் என் திருத்தம், எக்ஸிட் கோட் பிழை நீக்கியது.

ரிவியூவரிடமிருந்து இப்போது ஒரே ஒரு கருத்துதான். "ஒப்பிடு விடை எதிர்பார்ப்பு" என்று ஒரு இடத்தில் வரிசை மாற்றி எழுதிவிட்டேன், அதைத் திருப்பச் சொல்கிறார். இந்த முறை காரணமும் எழுதியிருக்கிறார். உள்ளே ஓடுவது டிஃப். எதிர்பார்ப்பு முதலில் வந்தால், தோற்கும்போது கழித்தல் குறி உள்ள வரி வர வேண்டியது, கூட்டல் குறி உள்ள வரி கருவி கொடுத்தது. மற்ற எல்லாச் சோதனைகளிலும் அப்படித்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் தலைகீழாக இருந்தால் பதிவைப் படிப்பவர் பிழையைத் தவறான பக்கத்தில் தேடுவார். திருப்பி அனுப்பிவிட்டேன்.